இல்லாத நோயைத் தேடும் வேலை

இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசியாக ஒரு குழந்தைக்குக் கால் செயலிழந்தது 2011 ஜனவரியில். மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தைச் சேர்ந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தை அது. அதன் பிறகு இந்த வைரஸால் ஒரு குழந்தைகூடப் பாதிக்கப்படவில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் பல்லாயிரம் இந்தியக் குழந்தைகளின் மலம் ஐஸ் பெட்டியில் ஏறி ஆய்வகங்களுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

ஏதேனும் ஒரு மாவட்டத்திலிருந்து இந்தப் பெட்டிகள் வருவது குறைந்துவிட்டால், "பரவாயில்லையே, நோய் குறைந்துவிட்டது" என்று யாரும் மகிழ்வதில்லை. "அங்கே என்ன ஆயிற்று?" என்று மேலிடத்திலிருந்து விசாரணை வருகிறது. போலியோ ஒழிப்பின் இந்தப் பாதி பலருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேருந்து நிலையத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, குழந்தைகளின் வாயில் இரண்டு சொட்டு விட்டு, சுண்டு விரலில் மை வைக்கும் பாதியைத்தான் நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். மற்ற பாதி துப்பறியும் வேலை.

இதற்கு ஏன் துப்பறிய வேண்டும்? இளம்பிள்ளை வாதம் வந்த குழந்தையைப் பார்த்தாலே தெரியாதா? தெரியாது என்பதுதான் சிக்கல். போலியோ வைரஸ் தொற்றும் குழந்தைகளில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் செயலிழக்கிறது. மற்றவர்களுக்கு லேசான காய்ச்சல், தொண்டை வலி வரும். பெரும்பாலோருக்கு அதுகூட வராது. ஓடியாடி விளையாடிக்கொண்டே வாரக்கணக்கில் மலத்தின் வழியாக வைரஸைப் பரப்பிக்கொண்டிருப்பார்கள். ஆக, ஒரு குழந்தைக்குக் கால் துவண்டது என்று செய்தி வரும்போது, அந்த வட்டாரத்தில் இன்னும் சில நூறு குழந்தைகளின் குடலில் வைரஸ் குடியேறியிருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பெரியம்மையை ஒழித்தவர்களுக்கு இந்தத் தலைவலி இருக்கவில்லை. அம்மை வந்தால் முகமே சொல்லிவிடும்.

அந்த 200-இல் ஒரு குழந்தையையும் சட்டென்று அடையாளம் காண முடியாது. திடீரென்று கால் துவண்டு போவதற்குப் போலியோ அல்லாத காரணங்கள் பல உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோய் அவற்றில் முதன்மையானது. முதுகுத் தண்டில் ஏற்படும் அழற்சியும், இடுப்பில் போட்ட ஊசி நரம்பில் பட்டுவிடுவதும்கூட இப்படிச் செய்யும். படுக்கையருகே நின்று பார்க்கும் மருத்துவர், எவ்வளவு அனுபவசாலியானாலும், இது போலியோ, இது போலியோ அல்ல என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

ஆகவே கண்காணிப்பின் விதி மருத்துவரிடமிருந்து முடிவெடுக்கும் பொறுப்பையே எடுத்துவிடுகிறது. போலியோவா என்று யோசிக்காதீர்கள். 15 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்கும் கை கால் திடீரென்று துவண்டால் உடனே தெரிவியுங்கள், மற்றதை ஆய்வகம் பார்த்துக்கொள்ளும் என்கிறது அது. மருத்துவ மொழியில் இதற்குத் திடீர் தளர்வாதம் என்று பெயர். சுகாதாரத் துறையில் எல்லோரும் 'ஏஎஃப்பி' என்பார்கள்.

இதிலிருந்து ஓர் அழகான அளவுகோல் கிடைக்கிறது. போலியோவே இல்லாத ஊரிலும் பிற காரணங்களால் லட்சம் குழந்தைகளுக்கு ஒருவருக்காவது ஓர் ஆண்டில் இந்தத் தளர்வாதம் வந்தே தீரும். 15 வயதுக்கு உட்பட்டோர் 10 லட்சம் பேர் உள்ள ஒரு மாவட்டம், ஆண்டுக்குக் குறைந்தது 10 பேரைக் கண்டுபிடித்துக் காட்டியாக வேண்டும். போலியோ பரவும் ஆபத்துள்ள பகுதி என்றால் 20. "எங்கள் மாவட்டத்தில் ஒருவருமே இல்லை" என்று ஓர் அதிகாரி பெருமையாகச் சொன்னால், அவர் தேடவே இல்லை என்று பொருள். கண்டுபிடித்தது எவ்வளவு என்பதைக் கொண்டு, கண்டுபிடிக்கத் தவறியது எவ்வளவு என்பதை அளக்கும் இந்த உத்தி, பொதுச் சுகாதார வரலாற்றின் மிகப் புத்திசாலித்தனமான யோசனைகளில் ஒன்று.

இந்த முறை அமெரிக்கக் கண்டங்களில் உருப்பெற்றது. பிரேசில் நாட்டுத் தொற்றுநோயியல் வல்லுநர் சிரோ டி குவாட்ரோஸ் தலைமையில் அங்கே 1980-களின் நடுவில் போலியோ ஒழிப்பு தொடங்கியது. நோயாளிகள் அருகிப்போன கடைசிக் கட்டத்தில், போலியோ என்று உறுதியாகும் குழந்தையைப் பற்றித் தகவல் தருபவருக்கு 100 டாலர் பரிசு என்றுகூட அறிவித்தார்கள். 1991 ஆகஸ்டில் பெரு நாட்டில் கடைசிக் குழந்தை பாதிக்கப்பட்டது. அதன் பிறகும் மூன்று ஆண்டுகள் தேடிவிட்டு, 1994-இல்தான் அமெரிக்கக் கண்டங்களில் போலியோ இல்லை என்று சான்றிதழ் கொடுத்தார்கள். தேடித் தேடிக் கிடைக்காமல் போன பிறகே 'இல்லை' என்று சொல்லலாம் என்ற மரபு போலியோ ஒழிப்பில் அங்கிருந்து வந்தது.

இந்தியாவில் 1978 வாக்கில் ஆண்டுக்கு 2 லட்சம் குழந்தைகள் போலியோவால் முடங்கினார்கள் என்று ஒரு மதிப்பீடு உண்டு. மதிப்பீடு என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணிப் பார்க்க அமைப்பு எதுவும் அப்போது இல்லை. அரசு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளே சரியாகக் கணக்கில் ஏறவில்லை. தனியார் மருத்துவரிடமோ, எலும்பு வைத்தியரிடம் புத்தூர் கட்டுக்கோ போன குழந்தைகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

இந்த இருட்டில் முதலில் விளக்கேற்றியவர்களில் ஒருவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் வல்லுநர் டி. ஜேக்கப் ஜான். ஒரே நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து கொடுக்கும் முறையை 1980-களில் வேலூரில் செய்து பார்த்தவர் என்று அவரைப் பலருக்குத் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு காரியத்தையும் அவர் செய்தார். அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் அரசு, தனியார் மருத்துவர்கள் கையில் அச்சடித்த அஞ்சலட்டைகளைக் கொடுத்துவைத்தார்கள். போலியோ, தொண்டை அடைப்பான், தட்டம்மை போன்ற நோய்களோடு யாராவது வந்தால் அட்டையை நிரப்பித் தபால் பெட்டியில் போட்டால் போதும். வந்து சேர்ந்த தகவல்கள் மாதந்தோறும் ஒரு சிறு இதழாக அச்சாகி, அதே மருத்துவர்களுக்குத் திரும்பிப் போயின. தான் அனுப்பிய அட்டையால் என்ன நடந்தது என்று தெரிந்த மருத்துவர் அடுத்த அட்டையையும் அனுப்புவார். கணினியோ கைபேசியோ இல்லாமல், தபால்காரரை மட்டும் நம்பி ஒரு மாவட்டத்தின் நோய்க்கணக்கை எழுதிவிட முடியும் என்பதை இந்த முயற்சி காட்டியது. பின்னாளில் லான்செட் இதழில் இது வளரும் நாடுகளுக்கான ஒரு முன்மாதிரியாக வெளிவந்தது.

நாடு முழுவதற்குமான அமைப்பு 1997-இல் வந்தது. இந்திய அரசும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து தேசியப் போலியோ கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கின. கண்காணிப்பு மருத்துவ அலுவலர்கள் என்று ஒரு படை அமர்த்தப்பட்டது. நாற்காலியில் உட்கார்ந்து அறிக்கைக்குக் காத்திருப்பது அவர்கள் வேலையல்ல. ஒவ்வொரு வாரமும் பெரிய மருத்துவமனைகளுக்கு நேரில் போய்க் குழந்தைகள் வார்டின் பதிவேடுகளைப் புரட்ட வேண்டும்; நரம்பியல் பிரிவிலும் பிசியோதெரபி அறையிலும் விசாரிக்க வேண்டும். விட்டுப்போன பெயர்கள் பெரும்பாலும் பிசியோதெரபி பதிவேட்டில்தான் அகப்படும். ஒரு மருத்துவமனையில் அந்த வாரம் யாரும் வரவில்லை என்றாலும் 'பூஜ்யம்' என்று எழுதி அனுப்பியே ஆக வேண்டும். திருடன் வராத இரவிலும் தெருவில் கூர்க்கா விசில் ஊதிக்கொண்டு போவதில்லையா, அப்படித்தான். விசில் நின்றால், ஆள் தூங்குகிறார் என்று பொருள்.

ஒரு குழந்தையைப் பற்றித் தகவல் வந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. 48 மணி நேரத்துக்குள் அலுவலர் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். கால் எப்போது துவண்டது, காய்ச்சல் இருந்ததா, எத்தனை முறை சொட்டு மருந்து கொடுத்தார்கள், கடந்த சில வாரங்களில் வெளியூர் போனார்களா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, குழந்தைக்கென ஓர் அடையாள எண் கொடுப்பார். பிறகு குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மலம் சேகரிக்க வேண்டும். அதுவும் கால் துவண்ட 14 நாட்களுக்குள். நாள் கடந்தால் மலத்தில் வைரஸ் குறைந்துகொண்டே போகும். இருந்தும் அகப்படாமல் போகலாம். ஒவ்வொரு மாதிரியும் சுமார் 8 கிராம், கட்டை விரல் நுனியளவு இருக்க வேண்டும். இதற்கென்றே ஒதுக்கிய பெட்டியில், 2 முதல் 8 டிகிரி குளிரில் அது பயணம் போகும். பெட்டியைத் திறக்கும்போது ஐஸ் முழுவதும் உருகியிருந்தாலோ, டப்பா கசிந்திருந்தாலோ, அதற்குமுன் செய்த உழைப்பெல்லாம் பாதி வீண். தடுப்பு மருந்து நகரத்திலிருந்து கிராமத்துக்குக் குளிர் குறையாமல் போகிறது என்றால், இது அதே குளிரோடு கிராமத்திலிருந்து நகரத்துக்கு வருகிறது.

தமிழ்நாட்டுப் பெட்டிகள் போய்ச் சேரும் இடம் சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட். மும்பை, லக்னோ, பெங்களூரு போன்ற நகரங்களிலும் இத்தகைய ஆய்வகங்கள் உண்டு. உலக அளவில் 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 145 ஆய்வகங்கள் ஒரே வலையமைப்பாக, ஒரே முறையில் வேலை செய்கின்றன. அவற்றுக்குள் நடப்பது சுவையானது. போலியோ வைரஸ் சாதாரணமாக எலியின் செல்லுக்குள் நுழையாது. நுழைவதற்கான கதவு மனிதச் செல்லில் இருக்கிறது. அந்தக் கதவை மட்டும் மரபணு மாற்றத்தால் எலிச் செல்லில் பொருத்தி 'எல்20பி' என்ற செல் வகையை உருவாக்கியிருக்கிறார்கள். மலத்தில் வேறு எத்தனையோ குடல் வைரஸ்கள் இருந்தாலும், இந்தச் செல்லைக் கொல்வது அநேகமாகப் போலியோ வைரஸாகத்தான் இருக்கும்.

அகப்பட்ட வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிப்பது அடுத்த கட்டம். அதன் மேலுறைப் புரதம் ஒன்றுக்கான பகுதியில் சுமார் 900 எழுத்துகள் உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம், அதாவது 9 எழுத்துகள் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு ஊர்களில் கிடைத்த வைரஸ்களை ஒப்பிட்டால் அவை எப்போது பிரிந்தன, எது எங்கிருந்து வந்தது என்று வம்சாவளியே எழுதிவிடலாம். 2005-இல் அங்கோலாவில் திடீரென்று போலியோ தலைகாட்டியபோது அதன் மரபணு இந்தியாவைக் காட்டியது. அங்கோலாவிலிருந்து அது மறு ஆண்டு நமீபியாவுக்கும் தாவிப் பெரியவர்களைக்கூட முடக்கியது. உள்நாட்டிலும் அப்படித்தான். வெவ்வேறு மாநிலங்களில் முளைத்த வைரஸ்களின் வேரைத் தேடிப்போனால் அது மேற்கு உத்தரப் பிரதேசத்திலோ பீகாரிலோ போய் நின்றது. எந்த வட்டாரத்தில் ஆட்களைக் குவிக்க வேண்டும் என்பதை மாநிலத் தலைநகரின் கூட்ட அறை சொல்லவில்லை. இந்த எழுத்துகள் சொல்லின.

2009-இல் இந்தியாவில் 741 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். உலக எண்ணிக்கையில் கிட்டத்தட்டப் பாதி. மறு ஆண்டு 42. அதற்கடுத்த ஆண்டு ஒரே ஒரு குழந்தை, ஹவுராவில். இந்தச் சரிவைப் பார்த்து வெளிநாட்டு வல்லுநர்கள் பலர் முதலில் நம்பவில்லை. நம்ப வைத்தது அந்த மலப்பெட்டிகளின் எண்ணிக்கை. அந்த ஆண்டுகளில் இந்தியா, கேட்கப்பட்ட அளவைப் போலப் பல மடங்கு தளர்வாதக் குழந்தைகளைத் தேடிப் பரிசோதித்துக்கொண்டிருந்தது. 2014 மார்ச் 27 அன்று, இந்தியாவும் இலங்கையும் உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ இல்லாத பகுதி என்று சான்று பெற்றது. இலங்கையில் கடைசி நோயாளி 1993-இலேயே பதிவாகியிருந்தார்; அண்டை நாட்டுக்காக அது 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கால் துவளும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், சாக்கடையிலேயே பார்த்துவிடலாமே என்ற யோசனை இந்தியாவுக்கு 2001-இல் மும்பையில் வந்தது. வைரஸ் மலத்தில் வெளியேறுகிறது என்றால், ஊர்க் கழிவுநீரில் அது இருந்தாக வேண்டும். குறிப்பிட்ட சில இடங்களில் வாரந்தோறும் கழிவுநீரை முகந்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இந்தியாவின் கழிவுநீரில் இயற்கையான போலியோ வைரஸ் கடைசியாக அகப்பட்டதும் மும்பையில்தான், 2010 நவம்பரில்.

இந்த முறையின் பலம் 2013-இல் இஸ்ரேலில் தெரிந்தது. அந்நாட்டின் தெற்குப் பகுதிக் கழிவுநீரில் வைரஸ் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தைக்குக்கூடக் கால் துவளவில்லை. பெரும்பாலான குழந்தைகள் சொட்டு மருந்துக்குப் பதிலாக ஊசி மருந்து போட்டிருந்ததால் நோய் வரவில்லை. ஆனால் ஊசி மருந்து குடலில் வைரஸ் தங்குவதை முழுமையாகத் தடுப்பதில்லை. கழிவுநீரைப் பார்க்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. 2022-இல் லண்டனின் பெக்டன் கழிவுநீர் நிலையத்தில் இதே கதை. 1 முதல் 9 வயது வரையிலான லண்டன் குழந்தைகள் எல்லோருக்கும் கூடுதல் ஊசி போட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நியூயார்க் அருகே தடுப்பூசி போடாத ஓர் இளைஞருக்குக் கால் முடங்கியது. இந்த மூன்றில் பின்னிரண்டும் ஒரே வைரஸ் வம்சம் என்று மரபணு காட்டியது.

காஸாவில் 2024 ஜூனில் கான் யூனிஸ், தெய்ர் அல் பலாஹ் பகுதிகளில் எடுத்த கழிவுநீரில் போலியோ வைரஸ் தென்பட்டது. குண்டுவீச்சில் கழிவுநீர்க் குழாய்கள் உடைந்து, கூடாரங்களுக்கு நடுவே சாக்கடை ஓடிக்கொண்டிருந்த நேரம். ஆகஸ்டில் 10 மாதக் குழந்தை ஒன்றுக்குக் கால் முடங்கியது. அங்கே 25 ஆண்டுகளில் முதல் நோயாளி. அக்குழந்தையின் மலத்தைப் பரிசோதித்தது ஜோர்டான் தலைநகர் அம்மானில் உள்ள ஆய்வகம். செப்டம்பரில் பகுதி பகுதியாகச் சண்டையை நிறுத்திவைத்து, ஏறத்தாழ 5.6 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். போர்க்களத்திலிருந்தும் மலமாதிரி எல்லை கடந்து ஆய்வகம் போய்ச் சேர்ந்தது என்பதைப் படிக்கும்போது, நம்மூரில் ஐஸ் பெட்டி தாமதமாவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எடுபடவில்லை.

லண்டன், நியூயார்க், காஸா மூன்றிலும் அகப்பட்டது இயற்கை வைரஸ் அல்ல. சொட்டு மருந்தில் இருக்கும் பலவீனப்படுத்திய வைரஸ், தடுப்பு மருந்து சரியாகப் போய்ச் சேராத மக்களிடையே நீண்ட காலம் சுற்றி, மரபணு மாறி, மீண்டும் முடக்கும் வலிமை பெற்ற வகை. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. மறைத்தால் வதந்திக்குத்தான் லாபம். 2016-இல் உலகம் முழுவதும் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை வைரஸை நீக்கியதும், எளிதில் மாறாத புதிய சொட்டு மருந்து 2021 முதல் புழக்கத்துக்கு வந்ததும் இந்தக் கண்காணிப்பு கொடுத்த தகவலால்தான். தடுப்பு மருந்தையே காவல் காக்கும் இந்த வேலை புதிதல்ல. 1955-இல் அமெரிக்காவில் சால்க் என்பவர் உருவாக்கிய போலியோ ஊசி வெளிவந்த சில நாட்களில், ஊசி போட்ட கையிலேயே வாதம் தொடங்கிய குழந்தைகள் சிலர் மருத்துவமனைக்கு வந்தார்கள். தொற்றுநோயியல் வல்லுநர் அலெக்சாண்டர் லாங்மியூர் அவசரமாகத் தொடங்கிய போலியோ கண்காணிப்புப் பிரிவு, அவர்கள் பெற்ற மருந்து எந்த நிறுவனத்திலிருந்து வந்தது என்று தொடர்ந்து பார்த்தது. கட்டர் ஆய்வகத்தின் மருந்தில் உயிருள்ள வைரஸ் தங்கியிருந்தது தெரிந்தது. 10 பேர் இறந்த அந்தச் சம்பவம் ஒரு நிறுவனத்தோடு நின்றது. தடுப்பூசித் திட்டம் பிழைத்தது.

கண் மூடியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நைஜீரியா சாட்சி. 2014-க்குப் பிறகு அங்கே நோயாளிகள் இல்லை. ஆப்பிரிக்காவே போலியோவை வென்றுவிட்டது என்று கொண்டாட்டம் தொடங்கியிருந்தது. 2016 ஆகஸ்டில், போக்கோ ஹராம் தீவிரவாதிகளின் பிடியிலிருந்த போர்னோ மாநிலத்தில் குழந்தைகள் முடங்கியிருப்பது தெரியவந்தது. வைரஸின் மரபணுவைப் பார்த்தால், அதன் நெருங்கிய உறவு 2011-இல் அகப்பட்ட வைரஸோடு இருந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படாமல் குழந்தைக்குக் குழந்தை தாவிக்கொண்டிருந்திருக்கிறது. அதிகாரிகள் பார்த்த 'பூஜ்யம்', போக முடியாத ஊர்களின் பூஜ்யம். அதன் பிறகு அங்கே செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, எந்தக் குடியிருப்பில் இன்னும் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்துத் தேட வேண்டியிருந்தது. ஆப்பிரிக்கா சான்றிதழ் பெற 2020 ஆகஸ்ட் ஆகிவிட்டது.

இயற்கை வைரஸ் இப்போது நிலைகொண்டிருப்பது பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மட்டும். பாகிஸ்தானில் 2023-இல் 6 குழந்தைகள், 2024-இல் 74. இரண்டு நாட்டு எல்லைக்குள் அது கட்டுண்டு கிடப்பதுமில்லை. பாகிஸ்தானிலிருந்து வந்த வைரஸ் 2021 இறுதியில் ஆப்பிரிக்காவின் மலாவியில் ஒரு குழந்தையை முடக்கியது. பிறகு மொசாம்பிக்கில் எட்டுப் பேரை.

இந்தியா இத்தனை ஆண்டுகள் கட்டிய வலையை இப்போது தட்டம்மை, ரூபெல்லா, தொண்டை அடைப்பான், கக்குவான் நோய்களைத் தேடவும் பயன்படுத்துகிறது. கொரோனா காலத்தில் தொடர்பு அறியும் வேலைக்கும் இதே ஆட்கள் போனார்கள். ஆனால் நோய் கண்ணில் படாத காலத்தில் அதைத் தேடுவதற்குப் பணம் கேட்பது கடினம். உலக அளவிலும் நிதி சுருங்கிவருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அமெரிக்கா 2025 ஜனவரியில் அறிவித்தது. போலியோ இல்லாத நாட்டில் போலியோவுக்கு ஏன் செலவு என்று கேட்கும் நிதித்துறை அதிகாரிக்கு, போர்னோவின் ஐந்து ஆண்டுகளை எடுத்துக்காட்டுவதைத் தவிர வேறு நல்ல பதில் இல்லை.

இந்த வலையின் கடைசிக் கண்ணி பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும்தான். நேற்றுவரை ஓடிய குழந்தை இன்று கால் ஊன்றத் தடுமாறினால், கை தொய்ந்து விழுந்தால், "கீழே விழுந்திருப்பான், சுளுக்கு" என்று எண்ணெய் தடவிக்கொண்டும் கட்டுப் போட்டுக்கொண்டும் நாட்களைக் கடத்த வேண்டாம். சொட்டு மருந்து எல்லாத் தவணையும் போட்ட குழந்தையாக இருந்தாலும், வயது 14 ஆக இருந்தாலும், உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கொண்டு போங்கள். தனியார் மருத்துவரிடம் போனாலும் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லும்படி கேளுங்கள். பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. மாதிரி எடுக்க இருப்பது 14 நாட்கள்தான்.